உறைமேல் முகவரி

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கார் வைத்திருந்தாலும் ஸ்கூட்டர் வைத்திருந்தாலும் இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது.

என்னிடம் படித்தவர்களுக்குக் கடிதம் எழுதும் பாடம் நினைவிருக்கும். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எழுதி முடித்து, கடைசியில் ஒரு கட்டம் போட்டு உறைமேல் முகவரி எழுத வேண்டும். கடிதம் முழுக்க நன்றாக எழுதிவிட்டு அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு வருகிறவர்கள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள். "முகவரி இல்லாத கடிதம் யாருக்குடா போகும்?" என்று கேட்டுக் கேட்டே எனக்கு 34 வருடம் ஓடியது. அந்த நான்தான் முகவரியில் கோட்டை விட்டேன். இத்தனை நாள் வெளியில் சொல்லவில்லை. போன வாரம் ஒரு பழைய மாணவன் போன் செய்து, "சார், என் கார் இன்சூரன்ஸை கேன்சல் பண்ணிட்டாங்களாம், அப்படிப் பண்ண முடியுமா?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லும்போதுதான், எல்லாருக்குமே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

2018-ல் ஓய்வு பெற்று, முசிறியில் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருச்சிக்கு வந்தோம். ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு எல்லாவற்றிலும் முகவரி மாற்றினேன். காருக்கு மாற்றவில்லை. ஒவ்வோர் ஆகஸ்டிலும் பழக்கமான ஏஜென்ட் வீட்டுக்கே வருவார், காசோலை வாங்கிக்கொண்டு போவார், ஒரு வாரத்தில் பாலிசித் தாளைக் கொண்டுவந்து கொடுப்பார். நான் அதை நாலாக மடித்துக் கார் டேஷ்போர்டுக்குள் வைத்துவிடுவேன். அதில் என்ன முகவரி இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

2022 ஆகஸ்டிலும் அப்படியே நடந்தது. நாலாயிரத்துச் சொச்சத்துக்குக் காசோலை கொடுத்தேன், தாளும் வந்தது. எனக்குத் தெரியாமல் போனது, அந்தக் காசோலை வங்கியிலிருந்து திரும்பிவிட்டது என்பது. கணக்கில் பணம் இல்லாமல் இல்லை. கையெழுத்து பொருந்தவில்லையாம். கொரோனா வந்து போன பிறகு என் வலது கை லேசாக நடுங்குகிறது. எத்தனை ஆயிரம் மதிப்பெண் அட்டைகளில் போட்ட கையெழுத்து! அது என்னுடையதில்லை என்று ஒரு கணினி சொல்லிவிட்டது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி போயிருக்கிறது, நான் எப்போதோ விட்டுவிட்ட பழைய எண்ணுக்கு. பாஸ்புக் பதிந்து ஏழெட்டு மாதமாகியிருந்தது. இதெல்லாம் என் தவறு, மறுக்கவில்லை.

காப்பீட்டு நிறுவனம் பாலிசியை ரத்து செய்து பதிவுத் தபால் அனுப்பியது, முசிறி வீட்டுக்கு. பிறகு ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனபோது வீட்டுக்காரம்மா சொன்னார்: "வாத்தியாரய்யா, உங்க பேருக்கு ஒரு ரிஜிஸ்தர் தபால் வந்துச்சு. அவங்க வீடு மாறிப் போயிட்டாங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன்." அந்த அம்மா செய்தது சரிதான். தபால்காரர் செய்ததும் சரிதான்.

ஆக, செத்துப்போன பாலிசியை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஐந்து மாதம் கார் ஓட்டியிருக்கிறேன். பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சமயபுரம் போயிருக்கிறேன், மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்கிறேன்.

நவம்பரில் ஒரு மழை நாள். சாயங்காலம், வெளிச்சம் குறைந்த நேரம். குளித்தலைப் பக்கம் ஒரு திருப்பத்தில், பள்ளிவிட்டு வந்த பையன் ஒருவன் அரசு கொடுத்த மிதிவண்டியில் குறுக்கே வந்துவிட்டான். நான் மெதுவாகத்தான் வந்தேன். ஆனாலும் காரின் முன்பக்கம் மிதிவண்டியின் பின்சக்கரத்தில் இடித்து, பையன் சாலையில் விழுந்தான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். முழங்கையில் சிராய்ப்பு, முட்டியில் நாலு தையல், டி.டி. ஊசி. எலும்புக்கு ஒன்றுமில்லை. அவன் அப்பா வேலைத்தளத்திலிருந்து ஓடி வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "நீங்க நிறுத்திக் கூட்டிட்டு வந்தீங்களே, அதுவே பெருசுங்க சார்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கவலைப்படாதீங்க, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, எந்தச் செலவா இருந்தாலும் பார்த்துக்கலாம்" என்று சொன்னேன்.

2023 பொங்கலுக்கு முந்தின வாரம் வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, "சார், என்னைத் தெரியுதா? ஆறாம் வகுப்பு சார்" என்றார். தெரிந்தது. தங்கமான பிள்ளை, வாய்ப்பாடு மட்டும் வராது. பேசிக்கொண்டே போனில் வண்டி எண்ணைத் தட்டியவர் முகம் மாறியது. "சார், இன்சூரன்ஸ் ஆகஸ்ட்டோட முடிஞ்சு போச்சுன்னு காட்டுதே சார்." நான் பெருமையாக டேஷ்போர்டைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏஜென்ட்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க சார்." கேட்டேன். ஏஜென்ட் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கம்பெனியிலேர்ந்து லெட்டர் வந்திருக்குமே சார்" என்றார்.

"நீங்க கிளம்புங்க சார், நாளைக்கே போட்டுடுங்க" என்றார் அந்தப் பிள்ளை. நான்தான், "எழுதுப்பா" என்றேன். காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் தடவைக்கு 2,000 ரூபாய். சட்டத்தில் மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமிருக்கிறது. வீட்டம்மா வண்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு, காப்பீடு எப்படி முடிகிறது என்பதைப் பாடம் படிக்கிற மாதிரி படித்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் ஊரில் காப்பீட்டு நிறுவனம் உங்களைப் பிடிக்கவில்லை என்று நடுவழியில் இறக்கிவிடுவது அபூர்வம். நாலு தடவை இடித்தீர்கள், ஆகவே பாலிசி ரத்து என்று யாரும் சொல்வதில்லை. எதிராளிக்கான காப்பீட்டுக்கு, அதாவது தர்ட் பார்ட்டிக்கு, கட்டணத்தை மத்திய அரசே நிர்ணயிக்கிறது. 1,000 சி.சி.க்குள் இருக்கும் சொந்தக் காருக்கு 2022 ஜூனில் வைத்தது 2,094 ரூபாய். நீங்கள் நல்ல ஓட்டுநரா, மோசமான ஓட்டுநரா என்று அதில் பார்ப்பதே இல்லை. 2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: மோசடி என்று நிரூபணமானால்தான் நிறுவனம் பாலிசியை ரத்து செய்யலாம், அதற்கும் குறைந்தது ஏழு நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். நாம் வேண்டாம் என்று நினைத்தால் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். ஒரு வருடப் பாலிசியில் கிளைம் எதுவும் வாங்கவில்லை என்றால் மீதி நாளுக்கான பணமும் திரும்பி வரும்.

அப்படியானால் என் பாலிசி எப்படிப் போயிற்று? 1938-ம் வருடத்துக் காப்பீட்டுச் சட்டத்தில் 64வி.பி. என்று ஒரு பிரிவு இருக்கிறது. பணம் முன்கூட்டி கைக்கு வராமல் எந்த நிறுவனமும் பொறுப்பை ஏற்கக் கூடாது. காசோலை திரும்பினால் பணம் வரவில்லை. பணம் வரவில்லை என்றால் ஒப்பந்தத்துக்கே உயிர் இல்லை. ஆகவே இது நடுவில் நிறுத்தினார்கள் என்பதைவிட, தொடங்கவே இல்லை என்கிற கணக்கு.

இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. நம்மூர்ச் சீட்டு மாதிரிதான் இதுவும். எல்லாரும் போட்ட பணத்திலிருந்துதான் அடிபட்டவனுக்குக் கொடுக்கிறார்கள். தவணை கட்டாதவன் ஏலம் கேட்டால் சீட்டு நடத்துகிறவர் ஒப்புக்கொள்வாரா? காப்பீட்டுத் துறையில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி என்னிடம் நேராகவே சொன்னாள்: "சார், கணக்குல காசு இல்லைன்னு தெரிஞ்சே செக் கொடுத்துட்டு, போலீஸ்கிட்ட காட்டுறதுக்குத் தாளை மட்டும் வாங்கி வெச்சுக்கிறவங்க நிறையப் பேர் இருக்காங்க. அவங்களுக்கும் உங்களுக்கும் எங்க கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது சார்." நியாயம்தான். வாயடைத்துப் போனேன்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். மோட்டார் பாலிசியின் வழக்கமான நிபந்தனைகளில், ரத்து அறிவிப்பைப் 'கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு' பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று இருக்கும். அனுப்பினால் போதும் என்று அவர்கள் அதற்குப் பொருள் வைத்துக்கொள்கிறார்கள். என் கைப்பேசியில் பழைய செய்திகளை நான் அழிப்பதில்லை. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். புதுப்பிக்கச் சொல்லி அந்த ஜூலை, ஆகஸ்டில் மட்டும் அதே நிறுவனத்திடமிருந்து 14 குறுஞ்செய்திகள். போன் அழைப்புகள் தனி. காசோலை திரும்பிய பிறகு ஒன்றுகூட இல்லை. பாலிசித் தாளில் முகவரி பழையது, கைப்பேசி எண் சரியானது. விற்கும்போது என்னைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, நிறுத்தும்போது மட்டும் ஏன் தெரியவில்லை?

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு இதையே கடிதமாக எழுதினேன். விதிப்படி அறிவிப்பு அனுப்பப்பட்டது என்று மூன்று வரியில் பதில் வந்தது. அந்தப் பதில் சரியான முகவரிக்கு வந்தது, அதுவரை நல்லது. இதற்கு மேல் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, சென்னையிலும் அலுவலகம் உண்டு. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் அங்கே போகலாம். நான் போகவில்லை. பணம் போய்ச் சேராத பாலிசிக்கு எந்த முகத்தோடு இழப்பீடு கேட்பது என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டியது இழப்பீடு அல்ல, அந்தக் கேள்வியை. அது பிறகுதான் உறைத்தது.

நீதிமன்றம் இந்த இடத்தில் நிறுவனத்தைவிட அக்கறையோடு யோசித்திருக்கிறது. 2012-ல் ஒரு பேருந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: காசோலை திரும்பியிருந்தாலும், ரத்து செய்த தகவல் விபத்துக்கு முன்னால் வண்டி உரிமையாளரைப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால், அடிபட்ட மூன்றாம் மனிதருக்கு நிறுவனம்தான் கொடுக்க வேண்டும். கவனியுங்கள், அனுப்பியிருக்க வேண்டும் என்று இல்லை, சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் 2007-ல் தீர்ப்பு வந்த ஒரு வழக்கில், ரத்துத் தகவலை உரிமையாளருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் விபத்துக்கு முன்பே தெரிவித்திருந்தார்கள். அதனால் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்றது நீதிமன்றம். ஆனாலும் பாதிக்கப்பட்டது ஏழைக் குடும்பம் என்பதால், தன் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு, முதலில் நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது.

அந்தக் கடைசி வார்த்தைகளை இன்னொரு முறை படியுங்கள். உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 2012 வழக்கிலும் அந்தக் கதவு திறந்துதான் இருந்தது. என் தபால் திரும்பிப் போனதால், அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நிறுவனம் கொடுத்திருக்கக்கூடும். பிறகு என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கும். சாவுக்கும் காயத்துக்கும் தீர்ப்பாயம் கொடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. ஆரம்பப் பள்ளி வாத்தியாரின் ஓய்வூதியத்தில் அதை எத்தனை வருடம் கட்டுவது?

சரி, காசோலை கதை பழசு, இப்போது எல்லாரும் போனிலேயே கட்டிவிடுகிறோம் என்பீர்கள். அதிலும் பணம் போய்ப் பாதி வழியில் நிற்கிறது. கணக்கில் பணம் குறைந்துவிட்டது, ஆகவே பாலிசி வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ரெண்டு நாள் கழித்து அதே பணம் சத்தமில்லாமல் கணக்குக்குத் திரும்பியிருக்கும்.

இதைவிட நிறையப் பேர் விழுகிற குழி வேறொன்று. சென்னை முடிச்சூரில் இருக்கும் எங்கள் சம்பந்தி 2022 செப்டம்பரில் புதுக் கார் எடுத்தார். ஷோரூமில் "மூணு வருஷ இன்சூரன்ஸ் சார்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வாசலில் நின்ற கார் ஸ்டியரிங் வரைக்கும் முழுகியது. நிறுவனத்துக்குப் போன் செய்தால், "உங்க வண்டிக்கான காப்பீடு செப்டம்பர்லயே முடிஞ்சிடுச்சுங்க" என்கிறார்கள். மூன்று வருடம் என்பது தர்ட் பார்ட்டிக்கு மட்டும். சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பீடு ஒரே வருடம்தான். அதைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த செய்திகளை எல்லாம், "நமக்குத்தான் மூணு வருஷம் இருக்கே, எவனோ ஏமாத்துறான்" என்று அழித்திருக்கிறார் மனிதர். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கைக்காசு போயிற்று. இங்கே யாரும் எதையும் ரத்து செய்யவில்லை. பாதி பாலிசி தன் பாட்டுக்கு முடிந்துபோனது, மீதிப் பாதி உயிரோடு இருந்து அவரைத் தூங்கவைத்தது.

அந்த மூன்று வருட விதி வந்ததற்குப் பின்னால் நம் பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2018 ஜூலையில், புதிய கார்களுக்கு மூன்று வருடமும் இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து வருடமும் தர்ட் பார்ட்டி காப்பீடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கும் வந்தது. முதல் வருடம் கட்டிவிட்டு அப்புறம் மறந்துவிடுகிறோம் என்பதுதான் அதற்குக் காரணம். நம் சாலைகளில் ஓடும் வண்டிகளில் ஏறக்குறையப் பாதிக்குக் காப்பீடு இல்லை. நல்ல உத்தரவு. ஷோரூம்காரர்கள்தான் அதைப் பாதி வாக்கியமாகச் சொல்கிறார்கள்.

காலாவதி விஷயத்தில் இன்னொன்று. ஆயுள் காப்பீட்டில் தவணைக்குச் சில நாள் சலுகை உண்டு, அந்தப் பழக்கத்தில் காரையும் நினைக்கிறோம். காருக்கு அப்படி இல்லை. தாளில் போட்ட தேதி நள்ளிரவோடு முடிந்தது. மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது இடித்தாலும் உங்கள் பாடுதான். விட்டுப்போனால் ஆள் வந்து வண்டியைப் பார்த்த பிறகுதான், அல்லது நீங்கள் வீடியோ எடுத்து அனுப்பிய பிறகுதான், வண்டிச் சேதத்துக்கான காப்பீடு திரும்பக் கிடைக்கும். 90 நாள் தாண்டினால் நோ கிளைம் போனஸும் போச்சு. எனக்கு 50 சதவீதம் இருந்தது. வருடக்கணக்கில் ஒரு கிளைமும் வாங்காமல் சேர்த்தது, ஒரு கையெழுத்தில் போனது.

அந்த போனஸை வைத்துச் சிலர் கெட்டிக்காரத்தனம் செய்கிறீர்கள். அதையும் கேள்விப்பட்டேன். போன வருடம் கிளைம் வாங்கிவிட்டு, இந்த வருடம் வேறு நிறுவனத்தில் ஆன்லைனில் போடும்போது 'கிளைம் இல்லை' என்று தட்டிவிடுவது. தள்ளுபடி கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்படாதீர்கள். அந்த உறுதிமொழி தவறு என்று தெரிந்தால் வண்டிச் சேதத்துக்கான பலன் பறிபோகும் என்று நீங்கள் சம்மதித்த விண்ணப்பத்திலேயே இருக்கிறது. பழைய நிறுவனத்திடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கிளைம் கேட்கும் நாளில்தான் பெரும்பாலும் கேட்பார்கள். வகுப்பில் காப்பி அடிப்பவனைத் திருத்தும்போதுதானே நாங்களும் கண்டுபிடிப்போம்?

வண்டியை விற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. "29, 30 படிவத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன் சார், இனி அவன் பாடு" என்று ஒருவன் சொன்னான். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும்வரை சட்டத்தின் கண்ணில் அது உன் வண்டிதான் தம்பி. நீ போட்ட தர்ட் பார்ட்டி காப்பீடு வாங்கியவனுக்குத் தானாகப் போகும், அது உண்மை. ஆனால் அது முடிந்த பிறகு அவன் புதுப்பிக்காமல் ஓட்டி யாரையாவது இடித்தால், நோட்டீஸ் வருவது உன் வீட்டுக்கு. வாங்கியவர்கள் 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சொந்த வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வராது.

எனக்குப் போன் செய்த மாணவன் கதை என்ன என்று கேட்பீர்கள். அவனுடையது ரத்தே இல்லை. சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டியிருக்கிறான், இடித்ததும் கிளைமை மறுத்துவிட்டார்கள். ரத்து வேறு, மறுப்பு வேறு. பாலிசி அப்படியே இருக்கும், அந்த ஒரு விபத்துக்கு மட்டும் கைவிரிப்பார்கள். அவனை ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். பெரிய நம்பிக்கை இல்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. நிறுவனங்கள் பாலிசியை ரத்து செய்தால், எந்த எண்ணுக்கு விற்பனைச் செய்தி அனுப்பினார்களோ அதே எண்ணுக்கு, அதே மாதிரி திரும்பத் திரும்ப, தமிழில், 'உங்கள் வண்டிக்கு இன்று முதல் காப்பீடு இல்லை, ஓட்டாதீர்கள்' என்று அனுப்பட்டும். பதிவுத் தபால் திரும்பி வந்தால், அது போய்ச் சேரவில்லை என்றுதான் கணக்கு வைக்க வேண்டும். வீடு மாறிவிட்டார் என்று எழுதித் திரும்பி வந்த உறையைக் கோப்பில் வைத்துக்கொண்டு, 'அறிவிப்பு கொடுத்தாகிவிட்டது' என்று எழுதுவதற்கு எப்படி மனம் வருகிறது? இதனால் பாதிக்கப்படுவது வண்டிக்காரன் மட்டுமில்லை. அந்த வண்டி எந்தத் தெருவில் ஓடுகிறதோ அந்தத் தெருவில் நடக்கிற அத்தனை பேரும்தான். இதை ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் கடிதமாகவே எழுதி அனுப்பியிருக்கிறேன், உறைமேல் முகவரியை ரெண்டு தடவை சரிபார்த்து.

நீங்கள் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. இன்று ராத்திரி பாலிசித் தாளை எடுத்து முகவரியையும் போன் எண்ணையும் பாருங்கள். தர்ட் பார்ட்டிக்கும் வண்டிச் சேதத்துக்கும் முடிவு தேதி தனித்தனியாகப் போட்டிருக்கும், ரெண்டையும் பாருங்கள். பிறகு எம்பரிவாஹன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு, அங்கேயும் அதே தேதி காட்டுகிறதா என்று பாருங்கள். வயதான அப்பா அம்மா காசோலை கொடுக்கிறவர்களாக இருந்தால், அவர்கள் வங்கியில் புதிதாக மாதிரிக் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். நான் போட்டுவிட்டேன். நடுங்கின கையெழுத்துதான் இனி என் கையெழுத்து.

நான் இடித்த அந்தப் பையன் இப்போது பாலிடெக்னிக் படிக்கிறான். போன தீபாவளிக்கு அவன் அப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து முறுக்கு சாப்பிட்டுவிட்டுப் போனான். முட்டியில் தழும்பு லேசாகத் தெரிகிறது. "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று அன்றைக்கு மருத்துவமனையில் நான் சொன்னது பொய்யாகப் போன கதையை அவன் அப்பாவிடம் இதுவரை சொன்னதில்லை. அவரும் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர். இதையும் படிப்பார்.